அம்மாவுக்கு மாத்திரை கிடைக்கும் முன் நடந்தது

அம்மாவுக்கு வந்தது நுரையீரல் புற்றுநோய். அடினோகார்சினோமா வகை, நான்காம் நிலை. பீடி, சிகரெட் வாசமே ஆகாத வீடு எங்களுடையது, அதனால் யாருக்கும் அந்தப் பக்கம் சந்தேகம் போகவில்லை. இருமல், மூச்சிரைப்பு, வலது பக்கம் நெஞ்சில் நீர். திண்டுக்கல்லில் பார்த்த டாக்டர் நீரை எடுத்துவிட்டு காசநோய் மாத்திரை ஆரம்பித்தார். நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் முதலில் டி.பி.யைத்தான் நினைப்பார்கள், பல பேருக்கு அது சரியாகவும் இருக்கும். மாத்திரை போட்டும் நீர் திரும்பச் சேர்ந்தபோதுதான் மதுரைக்குக் கிளம்பினோம்.

மதுரையில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வைத்து பயாப்ஸி எடுத்தார்கள். அந்தச் சதைத் துண்டை ஒரு குப்பியில் காட்டினார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும், தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, சீவிச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பார்கள். மெழுகில் பதித்த அந்தக் கட்டியைத்தான் 'பிளாக்' என்கிறார்கள். எந்தப் புற்றுநோய், நுரையீரலில் தொடங்கியதா வேறெங்கிருந்தாவது வந்ததா என்று உறுதிசெய்ய ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சீவல் போகும். அது பின்னால் எவ்வளவு பெரிய விஷயமாகும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ரிப்போர்ட் வந்ததும் "கீமோவை நாளைக்கே ஆரம்பிச்சிரலாம்ல?" என்று சித்தப்பா கேட்டார். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வரட்டும் சார். புகைபிடிக்காத அம்மா, அடினோ வகை. ஈ.ஜி.எஃப்.ஆர். ஜீன்ல மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தா மாத்திரைலயே போயிரலாம்." உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியை அவசரப்பட்டுப் போட்டுவிட்டு உடனே அந்த மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடும், அதனாலும் காத்திருப்பது நல்லது என்றார்.

ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லின் மேல்சவ்வில் குறுக்கே நிற்கும் ஒரு புரதம். வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால், உள்ளே 'வளரு' என்ற சமிக்ஞை போகும். வேலை முடிந்ததும் அது அணைந்துவிட வேண்டும். சிலருக்குக் கட்டியின் செல்களில் மட்டும் அந்த மரபணுவில் ஒரு சின்னத் துண்டு காணாமல் போயிருக்கும், அல்லது ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அப்போது யாரும் வந்து ஒட்டாமலேயே சமிக்ஞை போய்க்கொண்டே இருக்கும். இது பரம்பரையாக வருவது இல்லை என்பதை டாக்டர் அழுத்திச் சொன்னார், ஏனென்றால் என் தங்கை அந்தக் கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

இதன் கதை சுவாரசியமானது. ஜெஃபிடினிப் என்ற மாத்திரை இந்தப் புரதத்தைத் தடுக்கத்தான் வந்தது. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை, ஒரு சிலருக்கு மட்டும் கட்டி மளமளவென்று சுருங்கியது. ஏன் என்று தெரியாமலேயே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2004-ல் பாஸ்டனைச் சேர்ந்த இரண்டு ஆய்வுக் குழுக்கள் அப்படிக் குணம் தெரிந்தவர்களின் கட்டிகளை எடுத்துப் பார்த்து, இந்த மரபணு மாற்றத்தைக் கண்டன. புகைபிடிக்காதவர்கள், பெண்கள், ஆசியர்கள் ஆகியோரிடம் இது கூடுதல். மருந்து கடைக்கு வந்த பிறகு, அது யாருக்கானது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்!

சரி, அலைச்சலுக்கு வருகிறேன். ஜீன் டெஸ்ட் வெளியூர் லேபில்தான் நடக்கும். பிளாக்கை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்க டாக்டரின் கடிதம், நோயாளியின் ஆதார் நகல், ரெஜிஸ்டரில் கையெழுத்து எல்லாம் வேண்டும். பில்லிங்கில் போனால் பத்தாலஜி என்பார்கள், பத்தாலஜியில் பில் எங்கே என்பார்கள். கடைசியில் அங்கிருந்த டெக்னீஷியன் அக்காதான் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்து, "வெயில்ல வண்டி டேங்க் கவர்ல வச்சிராதீங்க தம்பி, மெழுகு" என்றார்.

வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு வந்த பதில்: டி.என்.ஏ. போதவில்லை. சாயங்களுக்குச் சீவியது போக மிச்சத்தில் புற்றுசெல்கள் ஒன்றிரண்டுதான் இருந்தன. ஜீன் டெஸ்ட் தேவைப்படும் என்று தெரிந்த பிறகும் முதலிலேயே நாலு சீவலைத் தனியே எடுத்து வைக்காதது எனக்கு இன்றும் எரிச்சல்தான்.

அடுத்தது லிக்விட் பயாப்ஸி. செத்துப்போகும் கட்டி செல்களின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும், அதைப் பிடித்துப் படிப்பது. துணுக்குகள் ஒவ்வொன்றும் 160 சொச்சம் எழுத்து நீளம்தான், அதுவும் சில மணி நேரத்தில் உடம்பு துடைத்துவிடும். அதனால் இதற்குத் தனி டியூப். உள்ளே ரத்த வெள்ளணுக்கள் உடையாமல் பார்த்துக்கொள்ளும் திரவம் இருக்கும். அவை உடைந்தால் அம்மாவின் சாதாரண டி.என்.ஏ. கலந்து, தேடுவது காணாமல் போய்விடும். ரத்தம் எடுக்க வந்த பையன் டியூபைக் குலுக்காமல் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்தான். ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது என்று மூன்று முறை சொன்னான்.

அதன் ரிசல்ட்: மாற்றம் எதுவும் தென்படவில்லை. வீட்டில் எல்லோரும் துவண்டுவிட்டோம். டாக்டர் மட்டும் அசரவில்லை. நோய் நெஞ்சுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு ரத்தத்தில் துணுக்குகள் குறைவாகத்தான் வரும், ரத்தத்தில் காணவில்லை என்றால் கட்டியில் இல்லை என்று அர்த்தமில்லை என்றார். அம்மாவுக்கு மறுபடி நீர் சேர்ந்திருந்தது. எடுத்தார்கள், ஒரு லிட்டருக்கு மேல், ரத்தம் கலந்த நிறம். இந்த முறை அதைக் கீழே கொட்டாமல், சென்ட்ரிஃபியூஜில் சுற்றி அடியில் தங்கிய செல்களைத் திரட்டி, அதையே மெழுகில் பதித்தார்கள். செல் பிளாக். அதில் செல்கள் தாராளமாக இருந்தன. ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் 19-ஆம் எக்ஸானில், அதாவது அதன் ஒரு பகுதியில், ஒரு துண்டு நீக்கம் என்று ரிப்போர்ட் வந்தது, இருப்பதிலேயே அதிகம் காணப்படும் மாற்றங்களில் ஒன்று. திண்டுக்கல்லில் முதல்முறை எடுத்த நீரிலும் இது இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் அப்போது யார் இதைத் தேடினார்கள்?

மருந்தின் பெயர் ஒசிமெர்டினிப், 80 மில்லிகிராம், தினம் ஒன்று. அந்தப் புரதத்தின் 797-ஆவது இடத்தில் இருக்கும் சிஸ்டைன் அமினோ அமிலத்தோடு நிரந்தரமாகப் பிணைந்துகொண்டு, சமிக்ஞையை நிறுத்திவிடும். பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், பாதிப் பேருக்கு நோய் மறுபடி வளர ஆரம்பித்துவிடும் காலம் (இடைநிலைக் காலம்) 10.2 மாதங்களிலிருந்து 18.9 மாதங்களாகக் கூடியது. மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும் என்பது கூடுதல் நிம்மதி.

சீட்டு எழுதும் முன் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்தார்கள். அப்புறம் டாக்டர் கேட்டார்: "டி.பி. மாத்திரை இன்னும் போடுறீங்களாம்மா?" அம்மா போட்டுக்கொண்டுதான் இருந்தார், பாதியில் விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே. அதிலிருக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு ஒசிமெர்டினிப்பை வேகமாகச் சிதைத்துவிடுமாம், ரத்தத்தில் கால்வாசிகூடத் தங்காதாம். டி.பி. இல்லை என்பதை உறுதிசெய்து அதை நிறுத்திய பிறகே புது மாத்திரை. சர்க்கரை, பிரஷர், நாட்டு மருந்து எதுவானாலும் போய் மேசை மேல் கொட்டிக் காட்டிவிடுவது உத்தமம்.

பக்கவிளைவு என்றால் வயிற்றுப்போக்கு கொஞ்சம், தோல் வறட்சி, அப்புறம் நகச்சுத்தி. அம்மா வழக்கம்போல எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். செவிலியர் பார்த்துவிட்டு, "ஐயோ பாட்டி, புண்ணாயிரும், எடுங்க" என்று களிம்பு எழுதி வாங்கித் தந்தார். நீர் மட்டும் அதன் பிறகு சேரவில்லை. மாடிப்படி ஏறுகிறார்.

பணம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த மருந்துக்குச் சுங்க வரியை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் எங்களைப் போன்ற வீட்டுக்கு இது சாதாரண விலை கிடையாது. இன்ஷூரன்ஸில் முதலில் "அட்மிஷன் இல்லையே" என்று கிளைமைத் திருப்பினார்கள். வாய்வழி கீமோதெரபியை நவீன சிகிச்சைகளின் பட்டியலில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-லேயே சேர்த்திருக்கிறது. டாக்டரின் கடிதம், ஜீன் ரிப்போர்ட் இரண்டையும் இணைத்து, பாலிசியில் அந்த வரி இருக்கும் பக்கத்தையும் நகலெடுத்து மறுபடி அனுப்பினோம். உச்சவரம்பு போட்டுத்தான் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். மீதிக்கு மருந்து நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் பதிவு செய்தோம். அதற்குக் காலி அட்டைகளைத் திருப்பிக் காட்டச் சொல்கிறார்கள். வேலைக்கார அக்கா ஒரு தடவை குப்பையில் போட்டுவிட்டார், தேடி எடுத்தோம். இப்போது அவற்றுக்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது.