அடுக்களைச் சுவரில் படிந்த கரி

சிங்கப்பூரில் கட்டடம் இடிக்கும் வேலைக்கு 2007ல் வந்தேன். முதலில் சுத்தியல் பிடித்தேன், இப்போது சைட் சூப்பர்வைசர். இயந்திரம் உள்ளே வருவதற்கு முன் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவது என் பொறுப்பு. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் மூன்றையும் துண்டித்துவிட்டார்களா, உள்ளே யாரும் இல்லையே என்று பார்த்து எழுத வேண்டும். 1991க்கு முன் கட்டியது என்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆய்வும் முடிந்திருக்க வேண்டும்.

காலி வீட்டுக்குள் நடப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. தவணை கட்டி வாங்கிய சோபா கிடக்கும். தையல் மெஷின் கிடக்கும். ரப்பர் பேண்டு போட்ட நாலு நம்பர் லாட்டரிச் சீட்டுக் கட்டு கிடக்கும். கடிகாரம்கூடச் சுவரிலேயே தொங்கும், சில வீட்டில் ஓடிக்கொண்டும் இருக்கும். சாமி படம் மாட்டிய ஆணி மட்டும் பெரும்பாலும் காலியாக இருக்கும். தமிழர் வீடு, சீனர் வீடு, மாதா படம் இருந்த வீடு எல்லாவற்றிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருகாலத்தில் அந்தக் காலி ஆணியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

எனக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். ஓவர்டைம், ஞாயிறு வேலை என்று சேர்த்த பணத்தில் ஊரில் ஒரு தென்னந்தோப்பு வாங்கியிருந்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. விடிந்ததும் தம்பி வீடியோ அனுப்பினான். நிற்கிற மரங்களை எண்ணச் சொன்னேன். அவன் பேசவில்லை. அதற்கப்புறம் நான் கோயிலுக்குப் போகவில்லை. சாமி இல்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இருந்துகொண்டே இப்படிச் செய்தாரே என்பதுதான் என் சண்டை.

அந்தச் சண்டை மனதோடுதான் தங்லின் ஹால்ட்டில் வேலைக்குப் போனேன். ரயில் நின்று போகும் சின்ன நிறுத்தத்தின் பெயர் அது. 1960களில் அங்கே எழும்பிய பத்து மாடி வீடுகளை ஹொக்கியன் சீனத்தில் ‘சாப் லாவ்’ என்பார்கள், பத்து மாடி என்றே பொருள். பழைய அடுக்குமாடிகளை அரசு எடுத்துக்கொண்டு, இருந்தவர்களுக்குப் புது வீடு வாங்க வழி செய்வதுதான் செர்ஸ் திட்டம். 2014ல் அந்தத் திட்டத்தில் அந்த வட்டாரத்தின் 31 புளோக்குகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். 3,480 வீடுகள். ஊருக்குப் பெயர் கொடுத்த ரயிலே அப்போது இல்லை. தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பிப் போய்விட்டது. தண்டவாளம் கிடந்த பாதையில் இன்று சனங்கள் நடைப்பயிற்சி போகிறார்கள்.

ஒருநாள் காலை தடுப்பு வேலிக்கு வெளியே ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். “தம்பி, நாலாவது மாடி. பிள்ளைங்க சாமி பலகைய விட்டுட்டு வந்துட்டாங்க” என்றார். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்பதால் நானே ஏறினேன். அடுக்களை மூலையில், அடுப்புக்கு எதிர்ச் சுவரில், ஒரு முழ நீளத்துக்கு ஒரு பலகை. அதற்கு மேலே சுவரில் தீபம் மாதிரியே மேல்நோக்கிக் கூர்ந்து போன கரி. எத்தனை வருடம் விளக்கேற்றினால் அப்படிப் படியும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். திருகாணிகளைக் கழற்றிப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

“சுவர்ல கரி அப்படியே இருக்கும்மா” என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

“இருக்கட்டும் தம்பி. புது வீட்டுலயும் ஏத்துனா அங்கயும் படியும்” என்றார். முந்தானையால் பலகையின் தூசியைத் துடைத்தார். அவருடைய மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்தவராம். “முனியாண்டியும் தண்டவாளத்து ஓரத்துல இருந்தவர்தான். அவரே வீடு மாறலையா?”

காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலைத்தான் சொன்னார். 1932ல் ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம் பாதையோரமாக வைத்துக் கும்பிட்ட சாமி. 1998ல் இப்போதைய இடத்துக்கு வந்தார். அன்று கும்பிட்டவர்களின் குடியிருப்பு, அவர்கள் பார்த்த வேலை, ஓட்டிய ரயில் எதுவும் இன்று கிடையாது. எனக்குப் போனது ஒரு தோப்பு. அந்தப் பாட்டிக்கு வாழ்ந்த வீடே கண்ணெதிரில் போகப்போகிறது. அவர் கேட்டு வந்தது விளக்கு வைக்கிற பலகையை. போனதைக் கணக்குப் பார்த்துக்கொண்டே நான் இத்தனை வருடம் விளக்கேற்றாமல் இருந்துவிட்டேனே என்று அன்று பகல் முழுக்க மனம் அரித்தது.

சில வாரம் கழித்து அந்தப் பக்கச் சுவரை உடைத்தோம். கான்கிரீட்டைக் கடித்து நொறுக்கும் தாடை உள்ள எக்ஸ்கவேட்டர், கூடவே தூசிக்குத் தண்ணீர். வெளிச்சுவர் விழுந்ததும் நாலாவது மாடி அடுக்களை வெயிலில் திறந்து நின்றது. கீழிருந்தே அந்தக் கரி தெரிந்தது. கையைக் காட்டி இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். ஓட்டுகிறவர் பங்களாதேஷ்காரர். என்ன பாஸ் என்று கண்ணாடிக்குள்ளிருந்து சைகையில் கேட்டார். சொல்ல ஒன்றும் இல்லை. சரி, செய் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்து, கைகால் கழுவிக்கொண்டு காமன்வெல்த் டிரைவுக்கு நடந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முனீஸ்வரன் முன்னால் நின்று தோப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. விளக்கை மட்டும் ஏற்றினேன். பூட்ஸில் ஒட்டிய சிமெண்டுத் தூசி வாசலில் தடம் போட்டிருந்தது. துடைக்கப் போனேன், அங்கே வேலை செய்யும் பெரியவர் “இருக்கட்டும் தம்பி, நான் பெருக்கிக்கிறேன், நீங்க கும்பிடுங்க” என்றார்.