ஓடிய காரும் நின்ற காரும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்களுக்காக, பணம் கைமாறுவதற்கு முன்னால் அந்தக் காரைச் சோதித்துச் சொல்வது என் தொழில். அழைப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள்: "சார், வண்டி ரொம்ப கம்மியாத்தான் ஓடியிருக்கு." சொல்லும்போதே குரலில் ஒரு நிம்மதி தெரியும். பாதி முடிவு அங்கேயே எடுத்தாயிற்று. இத்தனை வருட வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அந்த நிம்மதிக்கு ஆதாரம் போதாது என்பதுதான். வேகத்துக்காகவே கட்டப்பட்ட காரில் கிலோமீட்டர் மீட்டர் சொல்வது மிகக் கொஞ்சம். முன்பு வைத்திருந்தவர் அதை எப்படி நடத்தினார் என்பதுதான் விஷயம். அந்தக் கதை பேரிங்கிலும் ரப்பரிலும் பிரேக் டிஸ்கிலும் எழுதியிருக்கும்.

சோதனைக்கு நேரம் குறிக்கும்போது விற்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைப்பேன்: "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்." போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, இன்ஜின் மேல் கை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் அன்றைக்குச் சோதனை கிடையாது, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். தேய்ந்துபோன பாகங்கள் வாய் திறப்பது, இரவெல்லாம் நின்ற இன்ஜின் உயிர்பெறும் முதல் சில நொடிகளில்தான். ஆயில் கீழே வடிந்து கிடக்கும். அது மேலே ஏறி அழுத்தம் வரும்வரை, டைமிங் செயினின் டென்ஷனர் தளர்ந்திருந்தால் சலசலக்கும். டாப்பெட் தேய்ந்திருந்தால் டிக் டிக்கென்று அடிக்கும். வால்வ் சீல் போயிருந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறிவிட்டால் இதில் பாதி அடங்கிவிடும்.

எது கோளாறு இல்லை என்று தெரிந்திருப்பதும் இதே அளவு முக்கியம். போர்ஷே 911-இன் ஆறு சிலிண்டர்களும் படுத்த வாக்கில் எதிரெதிராக இருப்பவை. வண்டி நிற்கும்போது கொஞ்சம் ஆயில் சிலிண்டருக்குள் கசிந்து தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சுப் புகை வந்து மறைந்தால், அது அந்த இன்ஜினின் இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து நல்ல காரை விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் முதலில் நான் ஸ்டீயரிங் பிடிப்பதில்லை. "நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். கூலண்ட் சில நிமிடங்களிலேயே 90 டிகிரிக்கு வந்துவிடும். இன்ஜின் ஆயில் சூடேற அதைவிட அதிக நேரம் பிடிக்கும். குளிர்ந்து கெட்டியாக இருக்கும் ஆயிலோடு இன்ஜினை முறுக்கினால் அடி வாங்குபவை, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள். 2000-இல் வந்த ஈ46 தலைமுறை எம்3 காரில் பி.எம்.டபிள்யூ இதற்காகவே, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டரில் விளக்குகளை வைத்தது. ஆயில் சூடேறச் சூடேற அவை ஒவ்வொன்றாக அணையும். விளக்கு எரியும் பகுதிக்குள் முள் போகக் கூடாது. 8,000 ஆர்.பி.எம். வரை சுழலும் இன்ஜினுக்கு அந்தப் பொறுமை அவசியம். விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, வண்டியின் வேகத்தைக் காட்டும் ஆர்வத்தில் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர், தன் பல வருடப் பழக்கத்தை எனக்குக் காட்டிவிடுகிறார். விளக்குகள் அணையும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே நிதானமாக ஓட்டுபவரின் காரை நம்பிக்கையோடு லிஃப்டில் ஏற்றுவேன்.

இதைவிடத் தெளிவான சாட்சி இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. போர்ஷேயின் 997 தலைமுறை 911-இல், இன்ஜின் எல்லை தாண்டிச் சுழன்ற தருணங்களை ஆறு கட்டங்களாகப் பிரித்து அது பதிந்துவைக்கும். முதல் கட்டங்களில் எண்கள் இருந்தால் கவலை வேண்டாம். முழு வேகத்தில் போகும்போது, இன்ஜின் எல்லை தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரைத் தொட்டிருப்பார்கள், அவ்வளவுதான். நான்கு, ஐந்து, ஆறாம் கட்டங்கள் வேறு ரகம். லிமிட்டர் செய்வது எரிபொருளை நிறுத்துவது. ஐந்தாம் கியரில் பாய்ந்துகொண்டிருக்கும்போது நான்கு என்று நினைத்து இரண்டாம் கியரில் தள்ளிவிட்டால், அந்த நொடியில் இன்ஜினைச் சுழற்றுவது சக்கரங்கள். எந்த லிமிட்டராலும் அதைத் தடுக்க முடியாது. வால்வ் ஸ்பிரிங்குகளால் ஈடுகொடுக்க முடியாமல் வால்வுகள் பிஸ்டனில் மோதலாம். கனெக்டிங் ராட் போல்ட்டுகள் இழுபட்டு நீளலாம். சில இன்ஜின்கள் அங்கேயே உடையும். சில ஒன்றுமே நடக்காதது போல ஓடி, அடுத்த ஓனரின் கையில் உடையும்.

அந்தப் பதிவை எப்படிப் படிப்பது என்பதை வாங்குபவர்களுக்கு நேரம் எடுத்து விளக்குவேன், ஏனென்றால் எண்ணைப் பார்த்ததும் பதறிவிடுகிறார்கள். அது எத்தனை முறை தவறு நடந்தது என்ற கணக்கு கிடையாது. எல்லைக்கு மேல் இருந்தபோது எத்தனை முறை சிலிண்டரில் தீப்பொறி அடித்தது என்ற கணக்கு. ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை பற்றும். 8,000 ஆர்.பி.எம்.-இல் நொடிக்கு 400. ஆக 200 என்று இருந்தால் அரை நொடி. கடைசியாக அது நடந்தபோது இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தது என்பதும் கூடவே இருக்கும். 300-ஆவது மணியில் நடந்திருக்கிறது, இப்போது 1,100 மணி ஆகியிருக்கிறது என்றால், அந்த அடியைத் தாங்கிக்கொண்டு 800 மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். நடந்து இருபது மணி நேரம்கூட ஆகவில்லை என்றால், அதை விற்க வந்த காரணமே அதுதானோ என்று கேட்டாக வேண்டும்.

கிலோமீட்டர் மீட்டரைக் குறைத்துத் திருப்பிய காரையும் இதே மணிக்கணக்கு காட்டிக்கொடுக்கும். 60,000 கிலோமீட்டரை 1,200 மணியில் ஓடியிருந்தால் சராசரி மணிக்கு 50 கிலோமீட்டர், நம்பலாம். 20,000 கிலோமீட்டருக்கு 1,500 மணி என்று வந்தால் சராசரி 13 கிலோமீட்டர்தான். ஸ்போர்ட்ஸ் காரை யாரும் அப்படி ஓட்டுவதில்லை.

ஒருமுறை ஒருவர் தன் காரின் பதிவில் ஐந்தாம் கட்டத்தில் எண் இருப்பதைப் பார்த்து உடைந்துபோனார். "நான் இத செய்யவே இல்லை சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் இருந்த சர்வீஸ் பில்களையும் மணிக்கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் வாங்குவதற்கு வெகு நாள் முன்பே அது நடந்திருந்தது. வாங்கும்போது யாரும் இந்தச் சோதனையைச் செய்து தரவில்லை. சிலிண்டர்களுக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை செய்தேன். எல்லாமே பத்து சதவீதத்துக்குக் கீழே. வாங்க வந்தவரிடம் அந்த எண்ணையும் காட்டினேன், இந்த முடிவையும் காட்டினேன். கார் கைமாறியது. ஒரு மனிதர் மேல் விழவிருந்த பழியை ஒரு பதிவு நீக்கியதைப் பார்த்த நிறைவு இந்தத் தொழிலில் எனக்குப் பெரிது.

இப்போது "கம்மியா ஓடின" கார். பத்து வருடத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர், கண்ணாடி போன்ற பெயின்ட், சீட்டில் ஒரு சுருக்கம் இல்லை. மனம் அதில் விழுவது இயல்பு. ஆனால் நிற்கும் காரும் வயதாகிக்கொண்டேதான் இருக்கிறது. ஆயில் படாத சீல்கள் காய்ந்து இறுகும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டேங்கில் பெட்ரோல் கெடும். சிறிய தூரம் மட்டும் ஓடி நிறுத்தப்பட்ட இன்ஜினின் ஆயிலில் ஈரமும் எரியாத பெட்ரோலும் சேரும். அதை ஆவியாக்கும் அளவுக்கு அது சூடேறுவதே இல்லை. ஃபெராரி எஃப்355-இன் டைமிங் பெல்ட், ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடக் கணக்கில் மாற்ற வேண்டிய பொருள். அதை மாற்ற இன்ஜினையே கீழே இறக்க வேண்டும். "ஓடவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்ட ஓனர்கள் உண்டு. பெல்ட் ரப்பருக்கு மீட்டர் தெரியாது.

டயரில் இது இன்னும் ஆபத்தானது. பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். தரையைத் தொடும் வரிகள், அதாவது பூ, முழுதாக இருக்கும், ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும். நடிகர் பால் வாக்கர் உயிரிழந்த 2013 விபத்தில் சிக்கிய போர்ஷே கரேரா ஜிடியைப் பற்றி, விசாரித்த அதிகாரிகள் வேகத்தையே முதல் காரணமாகச் சொன்னார்கள். கூடவே அந்த டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததையும் குறிப்பிட்டார்கள். அதைப் படித்த நாள் முதல் டயர் வருடத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில்தான் எழுதுகிறேன்.

996 தலைமுறை 911-இன் ஐ.எம்.எஸ். பேரிங் பற்றிக் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. இன்ஜினுக்குள் இடைத் தண்டைத் தாங்கும் அந்தச் சிறு பேரிங் உடைந்தால் மொத்த இன்ஜினும் போய்விடும் என்பது உண்மை. அதே தலைமுறையின் டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது வேறு இன்ஜின், அவற்றுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 2009 மாடலிலிருந்து வந்த இன்ஜினில் அந்தத் தண்டே கிடையாது. என் அனுபவத்தில் இதற்காகப் பயப்பட வேண்டியது நன்றாக ஓடிய காரைப் பற்றி இல்லை. நின்று நின்று ஓடிய, ஆயில் மாற்றாத காரைப் பற்றித்தான். ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளில் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். அதைச் செய்யாமல் பயந்துகொண்டே இருப்பதில் பயனில்லை.

ஒரு இளைஞர் ஒரே மாடலில் இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருந்தார். ஒன்று நான் சொன்ன அந்தக் கண்ணாடி போன்ற கார். மற்றது அதைப் போல ஐந்து மடங்கு ஓடியது. முன் பம்பரில் கல்லடி, ஸ்டீயரிங்கில் தோல் பளபளத்திருந்தது, வீல் ஆர்ச்சுக்குள் உருகிய ரப்பர் ஒட்டியிருந்தது. ரேஸ் டிராக்கில் ஓட்டிய கார் என்பதை ஓனர் மறைக்கவும் இல்லை. அவர் ஒரு தடித்த ஃபைலை மேசையில் வைத்தார். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் மாற்றிய ஆயில், பிரேக் ஃப்ளூயிட், பேடு, எல்லாவற்றுக்கும் பில். ஆயில் பரிசோதனை அறிக்கைகள்கூட இருந்தன. பேரிங் தேய்ந்தால் ஏறும் செம்பும் ஈயமும் அளவோடு இருந்தன. "வர்றவங்க மீட்டரப் பாத்துட்டு அப்படியே திரும்பிடறாங்க" என்றார். முதல் காரில் கம்ப்யூட்டரைச் செருகியதும், உள் சுயபரிசோதனைகள் எதுவுமே முடிந்திருக்கவில்லை என்று வந்தது. யாரோ சமீபத்தில் கோளாறுக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள். அழித்தால் இந்தப் பரிசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும். ஏன் அழித்தீர்கள் என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை.

"அண்ணா, பாக்க அது எவ்வளவு நல்லா இருக்கு..." என்று அந்தத் தம்பி இழுத்தார். அவர் ஆசை எனக்குப் புரிந்தது. அந்த ஆசை இல்லாதவர் இந்தக் காரையே வாங்க மாட்டார். ஆனால் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இரண்டாவது காரை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்.

டிராக்கில் ஓடிய எல்லாக் காரும் இப்படி இருக்காது. பிரேக் டிஸ்கின் துளைகளைச் சுற்றி விரிசல், காலிப்பர் பிஸ்டன் உறைகள் கருகியிருப்பது, சீட்டுக்குப் பின்னால் ரேஸ் பெல்ட் மாட்டிய துளைகளை அடைத்திருப்பது, இவற்றோடு ஒரு பில்லும் இல்லையென்றால் விலகிவிடலாம். கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் தடிமனை மட்டும் அளந்து பயனில்லை. சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் எரிந்து எடை குறையும். குறைந்தபட்ச எடை டிஸ்கிலேயே பொறித்திருக்கும். கழற்றித் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் முணுமுணுப்பார். வைக்க வேண்டும்.

பாடியைப் பற்றிச் சுருக்கமாக. கம்பெனி பெயின்டின் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான். பல நூறு என்று காட்டினால் பட்டி பார்த்து டிங்கரிங் செய்திருக்கிறது. இந்தத் தடிமனை அளக்கும் சாதாரண மீட்டர் உலோகத்தில்தான் வேலை செய்யும். கொர்வெட், லோட்டஸ் போன்ற கார்களின் வெளித் தகடுகள் உலோகம் கிடையாது, அங்கே கண்ணும் கையும்தான் கருவி. லோட்டஸ் எலீஸின் சேசிஸ் பசையால் ஒட்டிய அலுமினியம். அது வளைந்திருந்தால் தட்டி நேராக்கும் பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக வாங்குபவரிடம் பணம் பற்றிப் பேசுவேன், அதுதான் அவர்கள் கேட்க விரும்பாத பேச்சு. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை பாதியாகலாம், மூன்றில் ஒன்றாகலாம். அதன் கிளட்ச், டிஸ்க், டேம்பர் விலையெல்லாம் புதுக் காருக்கு உரிய விலையில்தான் நிற்கும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுப்பவர், அடுத்த சர்வீஸைத் தள்ளிப்போடுவார். அவர் விற்கும் நாளில் அது கவனிக்கப்படாத காராக என் லிஃப்டுக்கு வரும். அதனால் ஒரு படி கீழே உள்ள மாடலை வாங்கி மீதியை ஒதுக்கி வைக்கச் சொல்வேன். வாங்கிய வாரத்திலேயே இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட், பிரேக் ஃப்ளூயிட் நான்கையும் மாற்ற வேண்டும். வடித்த ஆயிலில் ஒரு சிறு பாட்டில் பரிசோதனைக்குப் போக வேண்டும். டயர் ஆறு வயது தாண்டியிருந்தால் பூ எவ்வளவு இருந்தாலும் நான்கும் புதிது போட வேண்டும். அது முடியும்வரை அந்தக் காரை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று அறிக்கையில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன்.