பேட்மேன் கார்ட்டூன் பிஜிஎம்மும் ஷர்லி வாக்கரும்

நம்ம ஆளுங்களுக்கு பிஜிஎம் வெறி எவ்ளோன்னு சொல்லவே வேணாம். இங்க பெங்களூர்ல எங்க ஆபீஸ் கேண்டீன்ல நாலு தமிழ்ப் பசங்க ஒண்ணா உக்காந்தா போதும், ராஜா ரீ-ரெக்கார்டிங்ல எந்த சீன்ல புல்லாங்குழல் நுழையுது எங்க எல்லாத்தையும் நிறுத்தி சைலன்ஸ் விட்டாருன்னு பேசியே லஞ்ச் டைம் ஓடிரும். அந்தப் பேச்சுல நான் விடாம இழுத்துட்டு வர்ற பேரு ஷர்லி வாக்கர். 1992ல அமெரிக்காவுல ஃபாக்ஸ்ல ஆரம்பிச்ச பேட்மேன் அனிமேட்டட் சீரிஸ், நாமெல்லாம் கேபிள்ல பார்த்தோமே, அதோட மியூசிக் மொத்தத்துக்கும் பொறுப்பா இருந்த அம்மா.

சொன்ன உடனே "அது டேனி எல்ஃப்மன் இல்லயா?"ன்னுதான் கேப்பாங்க. டைட்டில் மட்டும் அவரோடது. 1989 பேட்மேன் படத்துக்கு அவர் போட்ட தீமைத்தான் கொஞ்சம் மாத்தி இதுக்கு வெச்சாங்க. நம்ம கணக்குல சொன்னா ச ரி க த ப, சாதாரண காந்தாரம், சுத்த தைவதம். மேல தாவி தைவதத்துல ஒரு நொடி தொங்கிட்டு பஞ்சமத்துல வந்து உக்காரும். கீரவாணி வாசிச்சுப் பழகினவங்க கீபோர்டுல ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க, அஞ்சே ஸ்வரம், அந்த தைவதத்துலதான் மொத்த இருட்டும் இருக்கு. ஆனா அந்த 1989 படத்துக்கே ஆர்கெஸ்ட்ராவை கண்டக்ட் பண்ணது யாரு? இதே ஷர்லி வாக்கர்தான்!

டைட்டில் முடிஞ்சப்புறம் வர்றதுதான் எனக்குப் பெரிய விஷயம். அதுக்கு முன்னாடி டிவி கார்ட்டூன்ல பெரும்பாலும் என்ன பண்ணுவாங்கன்னா, துரத்தலுக்கு ஒரு பிட்டு, பயத்துக்கு ஒரு பிட்டுன்னு ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு எல்லா எபிசோடுலயும் அதையே வெட்டி ஒட்டுவாங்க, செலவு கம்மி. இங்க ஒவ்வொரு எபிசோடுக்கும் படத்தைப் பார்த்து நொடிக்கணக்கா புதுசா எழுதி, நிஜ ஆர்கெஸ்ட்ராவை உக்கார வெச்சு வாசிச்சிருக்காங்க. மொத்தம் 85 எபிசோடு. ஒரு ஆளால எழுதி முடியாது, அதனால லோலிடா ரிட்மானிஸ், மைக்கேல் மெக்விஸ்டியன் மாதிரி அப்போ புதுசா வந்தவங்களைச் சேர்த்து ஒரு டீமே கட்டினாங்க, அவங்க எழுதறதை இவங்க கூட இருந்து பார்த்து சரி பண்ணுவாங்க. அந்த டீம்ல வளர்ந்தவங்கதான் அப்புறம் வந்த சூப்பர்ஹீரோ கார்ட்டூன் பலதுக்கும் மியூசிக்.

போன மாசம் அல்சூர்ல அக்கா வீட்டுக்குப் போனப்ப அக்கா பையனுக்கு 'ஆன் லெதர் விங்ஸ்' எபிசோடு போட்டுக் காட்டினேன். அதுல கடைசில மேன்-பேட்ங்கற வவ்வால் மனுஷ மிருகம் பறந்து போகும், பேட்மேன் கயித்துல தொங்கிக்கிட்டே ஊருக்கு மேல அது இழுக்கற பக்கமெல்லாம் போவான், வசனம் கிட்டத்தட்ட கிடையாது. வேணும்னே சவுண்டை ம்யூட் பண்ணிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மாமா சவுண்டு போடு, பறக்கற மாதிரியே இல்ல"ன்னான். திரும்ப முதல்ல இருந்து சவுண்டோட போட்டேன், சோஃபா நுனிக்கு வந்துட்டான். கறுப்புப் பேப்பர் மேல வரைஞ்ச பேக்ரவுண்டு, பின்னாடி கட்டடமெல்லாம் வெறும் நிழல்தான், உயரத்தையும் வேகத்தையும் கொடுக்கறது முழுக்க அந்த பிராஸும் (ட்ரம்பெட் மாதிரி ஊதற வாத்தியங்க) வயலினும்தான். ஷர்லி வாக்கரே எழுதின எபிசோடு அது.

வில்லனுக்கு வில்லன் தனித்தனி தீம் உண்டு, ஜோக்கருக்கு சர்க்கஸ் கூடாரத்துல இருந்து தப்பி வந்த மாதிரி ஒண்ணு. ஆனா என்னை ரொம்பப் படுத்தினது மிஸ்டர் ஃப்ரீஸோட 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'. மியூசிக் டாட் ஹேயன், ஷர்லி வாக்கர் மேற்பார்வை. பொண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு விஞ்ஞானி, கண்ணாடிக்குள்ள சுத்தற ஒரு குட்டி நடன பொம்மையைப் பார்த்துக்கிட்டே பேசறதுலதான் கதை ஆரம்பிக்குது. வில்லனுக்குன்னு ட்ரம்ஸ் அடிச்சு மிரட்டாம, அந்த பொம்மைப் பெட்டியோட சின்னச் சத்தத்துல இருந்தே அந்த ஆளோட சோகத்தை எடுத்துட்டு வர்றாங்க. கடைசில ஜெயில்ல பொம்மையைக் கையில வெச்சுட்டு உக்காந்திருப்பான், எனக்கு இந்த வயசுலயும் தொண்டையை அடைக்குது. குழந்தைங்க ப்ரோக்ராம்தானேன்னு யாருமே கைய கட்டிட்டு வேலை பார்க்கல, அதுதான் எனக்கு இவங்க மேல இவ்ளோ மரியாதை.

ஷர்லி வாக்கர் 1992லயே ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ படத்துக்குத் தனியா மியூசிக் போட்டிருக்காங்க, அந்தக் காலத்துல அங்க ஒரு பொம்பளைக்கு அது லேசுல கிடைக்கற இடமில்ல. 1996ல இந்த சீரிஸுக்காக டேடைம் எம்மிங்கற அமெரிக்க டிவி விருதை வாங்கினாங்க. 2006 நவம்பர்ல போயிட்டாங்க. 2008ல லா-லா லேண்ட் ரெக்கார்ட்ஸ் இந்த சீரிஸோட மியூசிக்கை ரெண்டு சிடியா கொண்டு வந்தாங்க, அதைப் பார்க்க அவங்க இல்ல, எனக்கு அது இன்னும் ஆறல.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், இந்த சீரிஸ்ல இருந்து 1993ல தியேட்டருக்கு வந்த 'மாஸ்க் ஆஃப் தி ஃபாண்டசம்' படத்துல டைட்டிலுக்கு எல்ஃப்மன் தீம் இல்ல, இவங்களோட சொந்த பேட்மேன் தீம்தான், பெரிய கோரஸோட. கோரஸ் ஏதோ லத்தீன் மந்திரம் மாதிரி இருக்கும், ஆனா லத்தீனே இல்ல, கூட வேலை செஞ்சவங்க பேரையெல்லாம் தலைகீழா எழுதிப் பாட வெச்சிருக்காங்க!

புதுசா பார்க்கறவங்க 'ஹார்ட் ஆஃப் ஐஸ்'ல ஆரம்பிங்க, இருபது நிமிஷம் சொச்சம்தான். எபிசோடு பேரோட ஒரு ஓவியம் வந்து நிக்கும், அதுக்குன்னே தனியா மியூசிக் உண்டு, அதை ஓட்டி விட்றாதீங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல மட்டும் வேணாம், செல்லோ எல்லாம் காணாமலே போயிடும், ஹெட்போன் மாட்டிக்கோங்க.