மாதம் நூறு டொலர் எங்கே போகிறது?

2016இல் ஹோம்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஒரு சிரியக் குடும்பத்துக்கு ரொறன்ரோவில் ஐந்து பேராகச் சேர்ந்து பொறுப்பு நின்றோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். கனடாவில் இதற்கு ஐவர் குழு என்றே பெயர். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ள ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால், முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு வாடகை, சாப்பாடு, உடுப்பு, தளபாடம் எல்லாம் அவர்கள் தலையில். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் வந்த காலத்தில், 1970களின் இறுதியில் தொடங்கிய ஏற்பாடு இது. 1980 முடிவதற்குள் சுமார் 60,000 பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அழைத்தவர்கள் சாதாரணக் குடிமக்கள்.

கடதாசி வேலைகள் பயமுறுத்திய அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை. நிரந்தர வதிவிடப் பத்திரம் விமான நிலையத்திலேயே கைக்கு வந்துவிடும். அதைக் காட்டிச் சமூகக் காப்புறுதி இலக்கம், சுகாதார அட்டை, வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு என்று ஒவ்வொன்றாக முடித்தோம். வீடு பிடிப்பதுதான் பெரும் பாடு. கனடாவில் கடன் வரலாறு, அதாவது கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டிய பதிவு, இல்லாதவருக்கு லேசில் யாரும் வீடு தரமாட்டார்கள். இன்று வந்தவருக்குக் கடன் வரலாறு எங்கிருந்து வரும்? முதல் மாத வாடகையையும் கடைசி மாத வாடகையையும் சேர்த்துக் கட்டி, எங்களில் ஒருவர் பிணை நின்ற பிறகுதான் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடி வீடு கிடைத்தது.

சண்டை வந்தது அதன் பிறகு. எங்கள் குழுவில் ஒரு கணக்காளர் இருந்தார். நல்ல மனிதர், நேர்த்தியானவர். குடும்பத்தின் செலவுகளை அட்டவணை போட்டுப் பார்த்தவர், மாதம் நூறு டொலருக்குக் கணக்கு இல்லை என்று கண்டுபிடித்தார். விசாரித்தபோது அந்தக் கணவர் எதையும் மறைக்கவில்லை. ஜோர்தானில், இர்பிட் நகரில் தங்கிவிட்ட தன் தாய்க்கு அனுப்புகிறேன் என்றார்.

"நாம் பணம் திரட்டியது இவர்கள் இங்கே வாழ்வதற்கு" என்றார் கணக்காளர். இனிமேல் ரசீது கேட்க வேண்டும் என்று ஒரு யோசனையும் வைத்தார். மற்ற மூவரும் என்னைப் பார்த்தார்கள். குழுவில் அகதியாக வந்தவன் நான் ஒருவன்தான்.

நான் வந்தது 1987இல். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றியிருந்தார்கள். அகதிகளை வரவேற்றதற்காகக் கனடா மக்களுக்கு ஐ.நா.வின் நான்சன் பதக்கம் கிடைத்ததும் அதே 1986இல்தான். என்னைப் போன்றவர்களுக்கு ஐவர் குழு எதுவும் இல்லை. வந்து இறங்கிய பிறகு அகதி விண்ணப்பம் கொடுத்தோம். நிலக்கீழ் வீடொன்றில் ஊர்ப் பெடியன்களோடு நெருக்கியடித்துப் படுத்தேன். உணவகத்தில் கோப்பை கழுவினேன். முதல் சம்பளத்தில் குளிரங்கி வாங்கவில்லை, அம்மாவுக்கு உண்டியலில் பணம் போட்டேன். இங்கே ஒரு கடைக்காரரிடம் டொலரைக் கொடுத்தால், அங்கே யாரோ ஒருவர் சைக்கிளில் வந்து அம்மாவிடம் ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவார். என்னிடம் யாராவது ரசீது கேட்டிருந்தால் அன்றே அவர்களுடைய வாசலை மிதிப்பதை விட்டிருப்பேன்.

குழுவிடம் உணர்ச்சியை விடச் சட்டத்தைத்தான் பேசினேன். மனைவியோ பிள்ளையோ பின்தங்கிவிட்டால், விண்ணப்பத்தில் அவர்கள் பெயர் இருக்கும் பட்சத்தில், வந்து ஓராண்டுக்குள் கூப்பிட வழி இருக்கிறது. தாய்க்கு அந்த வழி இல்லை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் என்று கனடா எழுதிக்கொண்டது. அந்த மனிதரின் கணக்கில் ஆறு பேர். ஆறாவது ஆளின் சாப்பாட்டுச் செலவுதான் அந்த நூறு டொலர். அதைத் தங்கள் வயிற்றைக் கட்டித்தான் மிச்சம் பிடித்தார்கள்.

உண்மையில், பணம் வீணான இடம் வேறு. குழுவில் யாராவது ஒருவர் வாரம் தவறாமல் "சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்" என்று போவார். போனவரைச் சாப்பிடாமல் அனுப்புவது அந்தக் கணவரின் மனைவிக்குத் தெரியாது. ஆட்டிறைச்சி என்ன விலை விற்கிறது! உதவ வந்தவர்களுக்கு விருந்து வைத்தே அவர்களுடைய மாதச் செலவுப் பணத்தில் ஒரு பங்கு கரைந்தது. இதை நான் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வருகைகள் குறைந்தன.

ரசீது யோசனை வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. கணக்காளர் இன்றுவரை தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சிரியக் கணவருக்கு வார இறுதியில் தரை ஓடு பதிக்கும் வேலை தேடிக் கொடுத்தவரும் அவர்தான். சிரியாவில் அவர் செய்துவந்த தொழில் அது. ஆங்கிலம் சரளமாகும்வரை வேலைக்குப் போகக் கூடாது என்று குழுவில் ஒரு கட்சி இருந்தது. வார நாளில் வகுப்பு, சனி ஞாயிறு வேலை என்று அவரே முடிவு செய்துகொண்டார். பதின்மூன்றாவது மாதம் எங்கள் காசோலை நின்றபோது வாடகை தவறவில்லை, இர்பிட்டுக்குப் போகும் பணமும் நிற்கவில்லை.

இப்போது அவர் தன் தம்பி குடும்பத்துக்காக ஐவர் குழு சேர்க்கிறார். நானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். 2024 நவம்பரில் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை அரசாங்கம் இடைநிறுத்தியதால், படிவங்கள் பாதி நிரப்பியபடி அவருடைய வீட்டில் கிடக்கின்றன. நான்காவது கையெழுத்துக்குக் கணக்காளரைக் கேட்கலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். கேளுங்கள், ஆனால் செலவு அட்டவணையோடு வருவார் என்றேன்.