அக்டோபர் 2-க்கு இன்னும் 18 நாள்

செப்டம்பர் 14, 2024, சனி

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நடந்ததை எழுத இன்றைக்குத்தான் மனசு வந்தது. எங்கள் தெரு குழாய் முடிகிற இடத்தில் இருக்கிறது. டேங்கிலிருந்து வருகிற தண்ணீர் மேலத் தெரு, பள்ளிக்கூடத் தெரு எல்லாம் தாண்டி எங்களிடம் வந்து சேரும்போது நூல் மாதிரி ஒழுகும். அதைச் சொல்லத்தான் எழுந்தேன். மைக்கை வாங்கி "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன், அவ்வளவுதான், நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. விரல் சில்லிட்டுப் போச்சு, முழங்கால் தன்னால் ஆடியது, வீட்டில் இருபது தடவை சொல்லிப் பார்த்த ஒரு வார்த்தைகூட வரவில்லை. யாரோ ஒருத்தர் "உட்காரும்மா, அப்புறம் பேசலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த அப்புறம் வரவே இல்லை, டீ கொடுத்துக் கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அன்று ராத்திரி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஒரு மாசமாக அந்த "உட்காரும்மா" காதிலேயே இருக்கிறது.

காந்தி ஜெயந்திக்கு அடுத்த சபை. எழுந்து பேசியே ஆக வேண்டும்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஊருக்கு வருகிற நர்ஸ் அக்காவிடம் மனசு விட்டுக் கேட்டேன், எனக்கு ஏதும் நோயா என்று. சிரிக்காமல் உட்கார வைத்துச் சொன்னார். பயந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்குமாம். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிறதாம். அதனால்தான் நெஞ்சு படபடக்கிறது, ரத்தம் பெரிய தசைகளுக்குப் போவதால் விரல் சில்லிடுகிறது, வாயில் எச்சில் வற்றுகிறது. மேடையில் நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகுமாம். "மூச்சை இழுக்கிறதைவிட விடுகிறதை நீளமா விடு, நெஞ்சு அடங்கும்" என்றார். பட்டன் தைக்கும்போதெல்லாம் செய்து பார்க்கிறேன். நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி விடுகிறேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

போன தடவை எனக்கு என்ன குறை என்று யோசித்தால், கையில் பிடிப்பு எதுவும் இல்லை. "தண்ணி சரியா வரல" என்பதைத் தவிர ஒன்றும் தெரியாமல் எழுந்திருக்கிறேன். இப்போது ஒரு 40 பக்க நோட்டு போட்டிருக்கிறேன். எங்கள் குடத்தில் ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி அளந்தேன், 15 லிட்டர் பிடிக்கிறது. காலை 6 மணிக்குத் திறந்து 7 மணிக்கு நிறுத்துகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டுக்கு 5 குடம், சில நாள் 4. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தருகிற ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் 4 பேர், 220 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 15 குடம் வர வேண்டும். வருவது 75 லிட்டர். இதைக் கூட்டிப் பார்த்தபோது பயத்துக்குப் பதிலாகக் கோபம் வந்தது, கொஞ்சம் தைரியமும் வந்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

கண்ணாடி முன்னால் பேசிப் பழகாதீர்கள். எனக்கு அது ஒத்தே வரவில்லை. முந்தானை சரியாக இருக்கிறதா, முகம் எப்படி இருக்கிறது என்றுதான் கவனம் போகிறது. இன்றைக்குக் குழாயடியில் மூன்று பேரிடம் நோட்டைப் பிரித்து வாசித்தேன். குரல் நடுங்கியது. பக்கத்து வீட்டு மதினி, "நடுங்கினா நடுங்கட்டும், நீ நிறுத்தாம படி" என்றாள். நாளைக்கும் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் படித்தேன். காந்தி லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்த புதிதில், பம்பாயில் ஒரு சின்ன வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தாராம். தலை சுற்றி, கேட்க ஒரு கேள்வியும் தோன்றாமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கின 30 ரூபாய் பீஸையும் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவர் பிறந்தநாளில்தானே எங்கள் சபை. ரெண்டு தடவை படித்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டேன், மீதி நோட்டில் இருக்கிறது.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை வேறு. 11 மணிக் கூட்டத்துக்கு ஆள் சேரவே இல்லை, பாதிப் பேர் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வர வேண்டும். எங்கள் ஊர் ஜனத்தொகைக்கு 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து சேரச் சேர எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேரமாகவே போய் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போச்சு, வருகிற ஒவ்வொருத்தரிடமும் ரெண்டு வார்த்தை பேசியதில் தொண்டை திறந்துகொண்டது.

என் முறை வந்தது. மைக் கீ என்று கத்தியது, ஆபரேட்டர் தம்பி ஓடி வந்து திருகினார். அந்த இடைவெளியில் எட்டு எண்ணி மூச்சை விட்டேன். நோட்டு கையில் ஆடியதால் முன்னால் இருந்த நாற்காலி முதுகில் ஊன்றிக்கொண்டேன். "எங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு 15 குடம் வரணும், 5 குடம் வருது" என்று ஆரம்பித்தேன். குரல் ஆடியது உண்மை. ஆனால் பத்து நாள் கணக்கையும் தேதி தேதியாக வாசித்தேன், ஐந்தாவது தேதி வாசிக்கும்போது முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது எனக்கே தெரிந்தது. பின்னாலிருந்து மதினி "எங்க வீட்லயும் அதே கணக்குதான்" என்று எழுந்தாள், அப்புறம் இன்னும் ரெண்டு பேர்.

பள்ளிக்கூடத் தெரு முனையில் தண்ணீரைத் திறந்து மூடுகிற கேட் வால்வு வைத்து எங்கள் பக்கத்துக்குத் தனி நேரம் விட வேண்டும் என்று கேட்டேன். பார்க்கலாம்மா என்றார்கள். "தீர்மானப் புத்தகத்தில எழுதி, வாசிச்சுக் காட்டுங்க" என்று என் வாயிலிருந்துதான் வந்தது. கிளார்க் எழுதினார். எழுந்து நின்று வாசித்தார்.

அக்டோபர் 6, ஞாயிறு

வால்வு இன்னும் வரவில்லை. இன்றைக்கும் 5 குடம், நோட்டில் ஏற்றிவிட்டேன். சாயங்காலம் மேலத் தெரு அக்கா ஒருத்தர் பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தார். அளவு எடுத்து முடித்த பிறகும் கிளம்பாமல் நின்றார். அடுத்த சபையில் தெருவிளக்கு பற்றிக் கேட்க வேண்டுமாம், ஆனால் எழுந்தாலே கை நடுங்குமாம். டீ போட்டுக் கொடுத்து, எந்தெந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறோம்.