பாட்டி எந்தக் கட்டம்?

2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காக மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் இருக்கும் என் தாய்மாமா வீட்டுக்கு வந்த இளம் மலாய்ப் பெண், வீட்டில் உள்ளவர்களின் பெயரையும் வயதையும் வரிசையாகக் கேட்டுப் பதிந்துகொண்டே வந்து, பாட்டியின் முறை வந்ததும் நிறுத்திவிட்டார். கைலியும் சட்டையுமாக, நரைத்த கூந்தலைக் கொண்டை போட்டு, நெற்றியில் ஐம்பது காசு அளவுக்குக் குங்குமம் வைத்துச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த பாட்டியின் முகம் அசல் சீன முகம். "நெனெக், பங்சா?" (பாட்டி, என்ன இனம்?) என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். "சாயா ஒராங் தமிழ்" (நான் தமிழர்) என்றார் பாட்டி. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் மாமாவை நோக்கித் திரும்பின. மாமா சிரித்துக்கொண்டே, "இந்தியர் என்று போட்டுக்கொள்ளம்மா" என்றார்.

பாட்டி பிறந்தது 1938இல். சீன நாட்காட்டியில் அது புலி ஆண்டு. புலி ஆண்டில் பிறக்கும் பெண் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை அக்காலச் சீனக் குடும்பங்களில் வலுவாக இருந்தது. அந்த நம்பிக்கையினாலோ, இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்துப் பட்டினியினாலோ, பாட்டியைப் பெற்றவர்கள் அவரைப் பிள்ளையில்லாத ஒரு தோட்டத் தொழிலாளர் தம்பதியிடம் கொடுத்துவிட்டார்கள். இப்படித் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்த சீனப் பெண் குழந்தைகளைப் பற்றிய கதை, மலேசியாவில் தோட்டப்புறத்தோடு தொடர்புடைய யாரைக் கேட்டாலும் ஒன்றாவது கிடைக்கும். அவர்கள் தமிழ்ப் பெயரோடு வளர்ந்து, தமிழ்ப் பள்ளிக்குப் போய், தமிழரையே மணந்து, புள்ளிவிவரத்தில் இந்தியராகவே எண்ணப்பட்டார்கள். என் இரத்தத்திலும் கால்பங்கு சீனம் ஓடுகிறது. என் அடையாள ஆவணங்களில் அது எங்கும் இல்லை.

மலாய்க்காரர், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்' எனப்படும் மற்றவர் என்ற நான்கு கட்டங்களோடுதான் இந்த நாட்டில் எல்லாப் படிவங்களும் வருகின்றன. அந்தக் கணக்கின்படி இன்றைய பினாங்கு மாநிலத்தின் குடிமக்களில் மலாய்க்காரரை உள்ளடக்கிய பூமிபுத்ராக்களும் (மண்ணின் மைந்தர்) சீனரும் ஏறத்தாழச் சம அளவில், நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்று மேலே நிற்கிறார்கள். இந்தியர் பத்தில் ஒருவர். மற்றவர் மிகச் சிலர். நாடு முழுவதற்குமான 2020ஆம் ஆண்டுக் கணக்கில் பூமிபுத்ராக்கள் 69.4 விழுக்காடு, சீனர் 23.2, இந்தியர் 6.7 என்பதோடு ஒப்பிட்டால், பினாங்கு எவ்வளவு விலகி நிற்கிறது என்பது புரியும். 1957 முதல் இன்றுவரை சீனர்களே அடுத்தடுத்து முதலமைச்சராக இருந்துவரும் மாநிலம் இது ஒன்றுதான். இங்கே எந்தக் கட்டம் எத்தனை விழுக்காடு என்பது தேர்தல் காலத்தில் காப்பிக் கடைப் பேச்சாகிவிடுவதும் அதனால்தான்.

ஆனால் இந்த நான்கு கட்டங்கள் ஆதியிலிருந்தே இருந்தவை அல்ல. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட், அப்போது கெடா சுல்தானுக்குரியதாக இருந்த பினாங்குத் தீவில் வந்து இறங்கியதற்குப் பின் கூடிய கூட்டம், எந்த அதிகாரியாலும் எளிதில் வகைப்படுத்த முடியாத கூட்டமாக இருந்தது. 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்றங்களில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின் பட்டியலில் ஆர்மீனியர், யூதர், அச்சேயர், போயானியர், பூகிஸ்காரர், பர்மியர், பார்சிகள், சயாமியர், சிங்களவர் என்று நீண்ட வரிசை இருக்கிறது. அதில் தமிழர் என்ற பெயரே இல்லை. நம்மவர்கள் 'கிளிங்' என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். கலிங்கத்திலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது; இருந்தும் 1801இல் தோன்றிய காப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரில் மட்டும் அது மரியாதையோடு நிலைத்திருக்கிறது. 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அந்த நீண்ட வரிசையை மடித்துச் சீனர், மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற மக்களும், தமிழரும் இந்தியாவின் பிற மக்களும் என்று பெரிய கட்டுகளாக அடுக்கினார்கள். இன்றைய கட்டங்களுக்கு வித்து அங்கேதான் இருக்கிறது.

அந்த மடிப்பில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஜாவிப் பெக்கான் என்ற பிரிவினரின் நிலை. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்காக வந்த தமிழ் முஸ்லிம்கள் உள்ளூர் மலாய்ப் பெண்களை மணந்து பெற்ற பிள்ளைகள் அவர்கள். ஜாவிப் பெரானாக்கான் என்றும் அழைக்கப்பட்டார்கள். இந்த வட்டாரத்தின் முதல் மலாய்ச் செய்தித்தாளை 1876இல் சிங்கப்பூரில் தொடங்கியவர்களும் அவர்களே. தந்தை வழியில் தமிழர் கட்டிலும் தாய் வழியில் மலாய்க் கட்டிலும் சேரக்கூடிய இவர்களை 1891இல் மலாய்க் கட்டில் சேர்த்தார்கள். ஏதோ ஓர் அலுவலக மேசையில் நடந்த முடிவு. ஆனால் அடுத்த நூற்றாண்டில் பினாங்கில் நடக்கவிருந்ததற்கு அது முன்னோட்டம் போலவே அமைந்துவிட்டது.

ஏனென்றால், மலாய்க்காரர் யார் என்பதைக் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு இரத்தத்தை வைத்து வரையறுக்கவில்லை. இஸ்லாத்தைப் பின்பற்றுபவராகவும், வழக்கமாக மலாய் மொழி பேசுபவராகவும், மலாய் வழக்கங்களைக் கைக்கொள்பவராகவும் இருந்து, மெர்டேக்கா எனப்படும் 1957 விடுதலைக்கு முன்பே இந்த மண்ணில் பிறந்த அல்லது வேரூன்றிய குடும்பத்தைச் சேர்ந்தவராக இருந்தால் அவர் மலாய்க்காரர். இதன்படி ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறைகளில் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நடந்து போக முடியும். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் அப்படிப் போன குடும்பங்கள் பல. என்னோடு படித்த நண்பன் ஒருவனுடைய வீட்டில் அவனுடைய தாத்தா தமிழ் நாளிதழைத் தினமும் வரி விடாமல் படிப்பார், தந்தைக்குத் தமிழ் பேச மட்டும் வரும், நண்பன் தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு மலாயில் பதில் சொல்வான். பிறப்புச் சான்றிதழ்களில் தாத்தா இந்தியர், பேரன் மலாய்க்காரர். மூவரும் ஒரே மேசையில், ஒரே தட்டு நாசி கண்டார் கறிச்சோற்றைப் பகிர்ந்து உண்பதை நான் பார்த்திருக்கிறேன். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தியர் எண்ணிக்கை குறைகிறதே என்று மேடையில் கவலைப்படுபவர்கள், பிறப்பு விகிதத்தையும் புலம்பெயர்வையும் மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டு இந்தப் பாதையைக் குறிப்பிடாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சீனர் பங்கு சுருங்கியதற்கும் மலாய்க்காரர் பங்கு வளர்ந்ததற்கும் காரணங்கள் வேறு. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியதும், மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை தேடி வடமாநிலக் கிராமங்களிலிருந்து மலாய் இளம்பெண்கள் பெருமளவில் வந்தார்கள். சீனக் குடும்பங்களிலோ பிள்ளைப்பேறு வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்று அதே தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வங்காளதேசியரும் நேபாளியரும் மியன்மார்காரரும் இந்த விழுக்காட்டுக் கணக்குக்கே வருவதில்லை, ஏனெனில் இனவாரி விகிதம் குடிமக்களுக்கு மட்டுமே கணக்கிடப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்துப் பக்கம் போய் நின்றால், படிவத்தில் உள்ள பினாங்கும் கண்ணில் தெரியும் பினாங்கும் ஒன்றல்ல என்பது விளங்கும்.

இந்தியர் என்ற கட்டத்துக்குள்ளும் எத்தனை பேர்! கிட்டங்கித் தெருவில் வட்டித் தொழில் நடத்திய செட்டியார்கள், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரும்பு, ரப்பர் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகவும் பின்னர்க் கங்காணிகள் வழியாகவும் வந்தவர்கள், அலுவலக வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும், காவல்துறைக்கு வந்த சீக்கியர்கள் ஆகியோர் ஒருவரையொருவர் ஒரே இனமாக நினைத்ததில்லை. சீனர் கட்டத்திலும் ஹொக்கியன், கண்டோனியர், தியோச்சு என்று அதே கதைதான்.

சென்ற ஆண்டு மாமாவின் பேத்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவளுடைய கணவர் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஹொக்கியன் சீனர். பிறப்பைப் பதியும்போது வழக்கப்படி தந்தையின் இனமே பிள்ளைக்கும் எழுதப்பட்டதால், குழந்தை 'சீனா' கட்டத்தில் சேர்ந்தது. சான்றிதழைப் படித்துக் காட்டியதும் பாட்டி குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மூக்கு மட்டும் உங்க தாத்தா மாதிரி இருக்கு" என்றார்.