பேச வேண்டாம் என்று சொன்னேன்

“தண்டனை பத்திக் கேட்டா நானே பேசிக்கவா சார்?” என்று என் கட்சிக்காரர் கேட்டார். “வேண்டாம், நான் பேசுறேன், நீங்க கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க” என்றேன். தீர்ப்பு நாள் காலையில், கோர்ட் வராண்டாவில் நடந்த பேச்சு. வழக்கு என் கையை விட்டுப் போய்விட்டது, இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை.

சட்ட உதவி மூலம் எனக்கு வந்த வழக்கு அது. அவர் ஒரு சீனியர் வக்கீலிடம் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தவர். சீனியர் காலமான பிறகும் கட்சிக்காரர்கள் அவரைத் தேடியே வந்தார்கள். முதலில் ஜூனியர்களிடம் கையெழுத்து வாங்கி மனுப் போட்டார். பிறகு கருப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, தன் பெயரே உள்ள வேறொரு வக்கீலின் என்ரோல்மென்ட் நம்பரை, அதாவது பார் கவுன்சில் பதிவு எண்ணைப் போட்டுத் தானே ஆஜராக ஆரம்பித்தார். உரிமம் இல்லாமல் தொழில் செய்தால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 45-இன் கீழ் 6 மாதம் வரை சிறை. இது 2024 ஜூலைக்கு முந்தைய சம்பவம் என்பதால், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதாகப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 419-உம் சேர்ந்திருந்தது. அதற்கு 3 ஆண்டு வரை போடலாம்.

சான்றாவணமாகக் குறியிடப்பட்ட, அவர் நிரப்பிய வக்காலத்தை (கட்சிக்காரர் தனக்காக ஆஜராக வக்கீலுக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம்) நான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லை. வக்கீல்கள் சேமநல நிதி ஸ்டாம்ப் ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்தது. வழக்கு விவரத்தை வெளிப்பக்கம் எழுதும் டாக்கெட்டின் எழுத்து அச்சு மாதிரி. புதிதாக என்ரோல் ஆன பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு வக்காலத்து நிரப்பத் தெரியாது. அந்த நம்பர் மட்டும்தான் அவருடையது இல்லை.

வேலை தெரிந்தவர், பிழைப்புக்காகச் செய்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அவரை வக்கீல் என்று நம்பி வந்த ஓர் அம்மாவை நினைத்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிப் போட்ட வழக்கில் அந்த அம்மாவுக்கு எதிராக, அவர் தரப்பைக் கேட்காமலே எக்ஸ் பார்ட்டி தீர்ப்பு ஆகிவிட்டது. அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். இவர் போட்ட மனு, நம்பரும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்று ரிட்டர்ன் ஆனது. திரும்பப் போட்டால் குட்டு உடையும் என்று அதை அப்படியே வைத்துக்கொண்டார். கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அமீனா வாசலில் வந்து நின்றபோதுதான் அந்த அம்மாவுக்கு விஷயமே தெரியும்.

குறுக்கு விசாரணையில் நான் அந்த அம்மாவிடம், “வழக்கு விவரமெல்லாம் இவர் உங்களுக்கு விளக்கிச் சொன்னாரா?” என்று கேட்டேன். “இவர் ஒருத்தர்தாங்க எனக்குப் புரியற மாதிரி சொன்னாரு. அதனாலதான் நம்பினேன்” என்றார். எனக்குச் சாதகமான பதில் என்று குறித்துக்கொண்டேன். தண்டனைக்கான காரணங்களில் மாஜிஸ்ட்ரேட் அதே பதிலை எடுத்து எழுதினார்: அந்த நம்பிக்கையைத்தான் இவர் பயன்படுத்திக்கொண்டார் என்று. இரண்டு வாசிப்பும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

இப்போது வராண்டாவுக்கு வருகிறேன். ஏன் வேண்டாம் என்றேன்? அவர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். எழுந்ததும் “யுவர் ஹானர்” என்பார், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கச் சொல்லும் நன்னடத்தைச் சட்டம் 1958, பிரிவு 4 என்று ஆரம்பிப்பார், முன்தீர்ப்பு சொல்வார். வக்கீலாக நடித்தார் என்று இப்போதுதான் தீர்ப்புச் சொன்ன நீதிபதி முன்னால், அந்தக் குற்றத்தையே மறுபடி செய்து காட்டியது போல ஆகிவிடாதா? வயதையும் குடும்பத்தையும் சொல்லிக் கேட்பது வேறு ஒருவர் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். இது கோர்ட்டில் நாளெல்லாம் நிற்கிற எவரும் சொல்லக்கூடிய யோசனைதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் தன் வழக்கைத் தானே பேச யாருக்கும் உரிமம் வேண்டாம். வக்கீல் அல்லாத ஒருவரைக்கூட, குறிப்பிட்ட ஒரு வழக்கில் ஆஜராகக் கோர்ட் அனுமதிக்கலாம் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 32 சொல்கிறது. அத்தனை காலம் கோர்ட்டில் புழங்கிய அந்த மனிதருக்கு, சட்டப்படி எழுந்து நின்று பேசக் கிடைத்த ஒரே வழக்கு அவருடைய வழக்குதான். அந்த வழக்குக்குப் பொருந்திய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 248(2)-உம் தண்டனை பற்றிக் குற்றவாளியைக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னது. அவருடைய வக்கீலைக் கேட்டால் போதும் என்று சொல்லவில்லை.

மாஜிஸ்ட்ரேட் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். பிரிவு 4-இல் விடுவிக்கக் கேட்டேன், மறுக்கப்பட்டது. 419-க்கு ஓராண்டு, பிரிவு 45-க்கு 6 மாதம், இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும். அப்பீலுக்காகத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, அன்றைக்கே ஜாமீனில் வந்தார். அவர் பேசியிருந்தால் குறைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை, கூடியிருக்கலாம். அப்படியானால் எது உறுத்துகிறது? என்னைவிட நன்றாகப் பேசிவிடுவார் என்ற எண்ணம் என் யோசனையில் ஒட்டிக்கொண்டிருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒருநாள், அப்பீலில் வக்கீல் வைக்காமல் பார்ட்டி இன் பெர்சனாகத் தானே ஆஜராகப் போவதாகச் சொல்லி, தானே எழுதிய அப்பீல் காரணங்களைக் கொண்டுவந்து காட்டினார். தண்டனை பற்றித் தன்னை நேரில் கேட்கவில்லை என்பது அதில் ஒரு காரணம். அதற்கு 1976-இல் உச்ச நீதிமன்றம் சாந்தா சிங் வழக்கில், தண்டனை பற்றி வாய்ப்புத் தரப்படவில்லை என்று வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பியதை எடுத்துப் போட்டிருந்தார். அடுத்த ஆண்டே டக்டு வழக்கில், மேல் கோர்ட்டே கேட்டுக்கொள்ளலாம், திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயமில்லை என்று சொன்னதையும் மறைக்காமல் குறிப்பிட்டிருந்தார்.

“மாஜிஸ்ட்ரேட் உங்களைக் கேட்டாரே, நான்தானே பதில் சொன்னேன்” என்றேன்.

“அப்படி எழுதினா உங்க பேர் வருமே சார்.”

“உள்ளதை எழுதினாத்தான் நிக்கும்.”

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எப்படி எழுதித் தாக்கல் செய்தார் என்று தெரியவில்லை. நகலுக்கு மனுப் போட்டால் தெரிந்துவிடும். இன்னும் போடவில்லை.